சக்கரச் சூடு ஆறும் நேரம்

பம்பாய்ச் செம்பூரில் வண்டிச் சாமான் விற்கும் கடையில் இன்று காலை நின்றுகொண்டிருந்தேன். வைப்பர் வாங்கப் போனவன். கடைக்காரர் வேறொருவருக்கு ஒரு ஸ்பிரேயை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய அலாய் வீல் ஒன்றின் மேல் தண்ணீர் போல விழுந்த மருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி, நாவல்பழச் சாறு மாதிரி வழிந்தது. கூடவே அந்த அழுகிய முட்டை நாற்றம். வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் வைப்பரை வாங்காமலே வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

உனக்கு எழுதுவது இதுதான் முதல் முறை. தினமும் முகம் பார்த்துக்கொண்டவர்களுக்குள் கடிதம் எதற்கு? அதுவும் நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் என்னிடம் நீட்டி, "யாருக்கு, என்னைக்கு, அத மட்டும் சொல்லுலே" என்பாய். இதை யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. டூரிஸ்ட் பெர்மிட்டோடு வந்த செகண்ட்ஹேண்ட் வண்டி. பகலெல்லாம் நீ ஓட்டினாய், ராத்திரி நான். முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு அலாய் வீல் போட்டிருந்தார். எனக்கு அது வீண் பகட்டாகத் தெரிந்தது. நீ அதைப் பார்த்துத்தான் வண்டியையே முடித்தாய். "புக் பண்ணிட்டு ரோட்டோரம் நிக்கிறவன் முதல்ல எதைப் பாக்கான்? சக்கரம் வந்து நிக்கிறதத்தான் பாக்கான்" என்றாய்.

பிரேக் போடப் போட, பேட் தேய்ந்து இரும்புத் தூளாகப் பறந்து, சூட்டோடு சூடாக வீலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை நீ போனில் வீடியோ பார்த்துக் கண்டுபிடித்திருந்தாய். துடைத்தால் போகாது. அப்படியே விட்டால் மழையில் துருவேறி வீலையே அரிக்கும். அந்தத் தூளைக் கரைக்கத்தான் இதே ஊதா ஸ்பிரேயை வாங்கி வந்தாய். முதல் நாள் நீ சூட்டு வீலில் சோப்புத் தண்ணீரை ஊற்றி, அது அங்கேயே காய்ந்து திட்டுத்திட்டாகி, இருவரும் திருதிருவென்று முழித்தது ஞாபகமிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் வண்டி ஆறும் வரை காத்திருக்கும் வழக்கம் வந்தது.

விடிந்ததும் நான் வண்டியைக் கொண்டுவந்து தாராவி தொண்ணூறடி ரோட்டோரம், டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். நீ இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்பாய். பாடிக்கு ஒன்று, வீலுக்கு ஒன்று. துணியையும் கலக்க விடமாட்டாய். வீல் துணியில் ஏறிய தூள் பெயின்டைக் கீறிவிடுமாம். நான் புறங்கையை வீலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன். "இன்னும் ஆறல" என்பேன். அரை கிளாஸ் கட்டிங் சாயா வரும். நம் சிநேகிதம் என்று ஒன்று இருந்ததென்றால், அது சக்கரம் ஆறுகிற அந்த நேரத்துக்குள்தான் இருந்தது. வீட்டுக் கதை, சவாரிக் கதை, ஊரில் இடிந்துகிடக்கும் உன் அப்பா வீட்டுக் கதை எல்லாம் அதற்குள்தான். பிறகு நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் கம்பி கம்பியாகத் தேய்ப்பாய். மழை தொடங்குமுன் வீலைக் கழற்றி உள்பக்கம் வரை மெழுகு போட்டாய். "இனிமே தூசி ஒட்டாது, வழுக்கிட்டு ஓடிரும்" என்று சொல்லி, அதைச் சோதித்துப் பார்க்க என்னையே அந்த ரோட்டில் பிரேக் அடித்து அடித்து ஓட்டச் சொன்னாய். போலீஸ்காரர் கூப்பிட்டு விசாரித்தார்.

அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து தாணேக்கு ஒரு சவாரி. இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரோடு காலியாக இருந்தது. எப்போதும் நெரியும் விக்ரோலியில்கூட நிற்காமல் வந்தேன். தாராவிக்குத் திரும்பவேண்டிய சயான் வந்ததும் உன்னைப் போனில் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்லே, தண்ணி புடி."

"வராத, வராத. அப்படியே தாதர் போ. மல்லிப்பூ வாங்கிட்டு வா."

"பூ எதுக்கு?"

"செல்விகூட சண்டை மக்கா. பாண்டுப்புல அவ அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா பேசல. சோத்தக்கூட டொக்குன்னு வெச்சிட்டுப் போயிட்டா. நெருக்கமா கட்டுனதா பாத்து வாங்கு. நான் போனா பூக்காரன் ஏமாத்திருவான்."

சிரித்தாய். நானும் சிரித்தேன். சயானில் திரும்பாமல் நேராகப் போனேன். பூ மார்க்கெட்டில் கூட்டம். நீ சொன்னபடியே நெருக்கமாகக் கட்டிய சரம் தேடி நாலு கூடை பார்த்தேன். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது போன் அடித்தது. உன் பெயர்தான் தெரிந்தது. பேசியது டீக்கடைக்காரர்.

வாளிகளுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். "வண்டி எங்கய்யா? வண்டியக் கொண்டா!" என்று கத்தினார். நான் தாதர் வாகன நெரிசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றேன். அவர்கள் காத்திருந்து பார்த்து, பிறகு ஆட்டோவில் உன்னை மடியில் கிடத்தி எடுத்துப்போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் பூப்பொட்டலம் இருந்தது எனக்கே வாசலில்தான் தெரிந்தது. அங்கே மரத்தடியில் இருந்த பிள்ளையார் காலில் வைத்துவிட்டு ஓடினேன். செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணே போனீய? எல்லாரும் வண்டிய வண்டியன்னு தேடுனாவளே, எங்க போனீய?"

"தாணேல இருந்து வாரேம்மா. விக்ரோலில ட்ராஃபிக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்குப் பூ வாங்கப் போன நேரத்தில்தான் நீ போனாய் என்று தெரிந்தால், அதோடு அவள் எப்படி இருப்பாள்? டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "வண்டி உடனே கிடைத்திருந்தாலும் கஷ்டம்தான்" என்றார். கஷ்டம் என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

செல்வியின் அண்ணன், உன் பாண்டுப் மச்சான், பதினாறாம் நாள் வீட்டில், எனக்குக் கேட்கும்படியே, "தாணே சவாரிக்கு ஆசப்பட்டுப் போனவன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செல்வி அவரை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது, நம்புவாயா? கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் கிடைத்தானே.

வண்டியை நான் தொடவில்லை. மழையில் அப்படியே நின்றது. கடைசி ஓட்டத்தின் தூளெல்லாம் வீலில் ஊறி ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பூத்தது. வண்டியை விற்று ஆளுக்குப் பாதி என்றார் மச்சான். ஒருநாள் செல்வி என் வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை.

"வண்டிய விக்க வேண்டாம்ண்ணே. எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. அவுக ஓட்டுன பகல் நான் ஓட்டுதேன்."

"ஏம்மா, பம்பாய் ரோட்டுலயா?"

"பின்ன எங்க ஓட்டுவாவ?"

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர்ச் சந்துகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளட்சை விட்டுவிட்டு எகிறும்போது உன்னை மாதிரியே, "வண்டி மேலதான் தப்பு" என்பாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். லைசென்ஸ் வந்தது, பிறகு டாக்சி ஓட்டுவதற்கான பேட்ஜும் வந்தது. அவள் முதல் நாள் ஓட்டப்போகிறாள் என்று, அந்த வீல்களைப் புதிதாக்கிக் கொடுக்க நினைத்தேன். உன் ஸ்பிரேக்குப் பொறுமை வேண்டும். எனக்கு ஒரே நாளில் எல்லாக் கறையும் போக வேண்டியிருந்தது. டைல்ஸ் கழுவும் ஆசிடை ஊற்றித் தேய்த்தேன். துரு போயிற்று. பளபளப்பும் போயிற்று. நான்கு வீலிலும் வெண்குஷ்டம் மாதிரி திட்டு விழுந்தது.

செல்வி வந்து பார்த்தாள். என் கையும் வெந்திருந்தது.

"என்னண்ணே பண்ணுதீய? தேய்ச்சுத் தேய்ச்சு அவுகளைக் கொண்டாந்துருவீயளா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பர்னால் களிம்பு எடுத்துவந்து கையில் தடவிவிட்டாள். பிறகு வீலுக்குப் பெயின்ட் அடித்தோம். பழைய அழகு இல்லை, ஆனால் உலோகம் பிழைத்துக்கொண்டது. அதன் மேல் மெழுகு போடுவதை அவளே எடுத்துக்கொண்டாள். இப்போது மாதம் தவறாமல் போடுகிறாள்.

நன்றாக ஓட்டுகிறாள். பெண் டிரைவர் என்று தெரிந்ததும் சில பயணிகள் கேன்சல் செய்வதும் உண்டு, கேட்டு வாங்கி ஏறுகிறவர்களும் உண்டு. மாட்டுங்காவில் ஒரு மாமி கோவிலுக்குப் போக இவளைத்தான் கூப்பிடுகிறார். மச்சான்கூடத் தன் நண்பர்களிடம் "என் தங்கச்சி" என்று சொல்லிக்கொள்கிறார்.

போன வாரம் ஒரு சாயங்காலம். வண்டியை ஒப்படைக்க வந்தவள் இறங்கி, முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்து நின்றாள்.

"இங்க பாருங்கண்ணே. காலைல துடைச்சது. ஒரே நாள்ல எப்படிக் கருத்துப் போச்சு."

"எங்க போன?"

"தாணே. திரும்பும்போது விக்ரோலில மாட்டிக்கிட்டேன். பிரேக்குல இருந்து கால எடுக்கவே முடியல. நகரவே இல்ல." நிமிர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க மேல எனக்கு ஒரு கோவம் இருந்துச்சுண்ணே. வெளிய சொல்லல. கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதான்னு. இன்னைக்கு அங்க நிக்கும்போதுதான் தெரிஞ்சுது. யாரு வந்தாலும் வந்திருக்க முடியாது. உங்க மேல தப்பில்ல. மனசுல வெச்சிக்காதீய."

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு ஒன்று கிடைக்கும்: பேசாமல் போன அந்த ராத்திரிக்கு மறுநாள் நீ பூ வாங்கச் சொன்னாய் என்பது. எத்தனை நாள் அவள் அதற்காக ஏங்கியிருப்பாள்! ஆனால் அதைக் கொடுக்கிற அதே கையால் மற்றதையும் கொடுக்க வேண்டும். பூவை மட்டும் பிரித்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

செல்வி மன்னித்தது விக்ரோலி நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவனை. அப்படி ஒருவன் இல்லவே இல்லை. காலியான ரோட்டில் வந்து, சயானில் திரும்பாமல் போனவன்தான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு நிற்கிறான். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், மனசு லேசாகி, ஒரு தங்கை சிரிப்பது போல. நானும் திரும்பச் சிரிக்கிறேன். அவள் கோபத்தைச் சுமந்தது எனக்குச் சுலபமாக இருந்தது, மக்கா. இந்தச் சிரிப்பைத்தான் தூக்க முடியவில்லை.