சிவப்பரிசி பொறுக்கிய மூன்று நாட்கள்

நவம்பர் 10, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய் வந்தேன். பிடி அரிசி டின்னைக் கோயில் சாக்கில் கொட்டினேன்.

உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட வேண்டும். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு எல்லா வீட்டு டின்னும் ஒரே சாக்கில் சேரும். இல்லாத வீட்டுக்குப் போகும். மற்றவர்கள் ஒரு பிடி போடுவார்கள். நான் இரண்டு. அதையும் மரியகொரட்டி பார்க்கிற இடத்தில் நின்றுதான் கொட்டுவேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லையாம். அதனால் இன்றைக்கு டின்னை நாலு தட்டுத் தட்டினேன். கேட்கட்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை.

நவம்பர் 14, வியாழன்

மழை விடவில்லை. எல்ல டவுனுக்கு பஸ் ஓடவில்லை என்று மகள் வழிப் பேத்தி கேஷானி ஹோட்டல் வேலைக்குப் போகவில்லை. சும்மா இருக்க மாட்டாள். அந்தக் கொரட்டிப் பாட்டியோட ஒங்களுக்கு அப்படி என்ன கோவம் அம்மாயி என்று கேட்டாள். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் செத்த வருஷம், 1996. மூன்று பிள்ளைகள். கோயிலிலிருந்து நாலு மாதம் பிடி அரிசி வந்தது. அப்போது ஒரு நாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் என் கூடை எடை குறைந்துபோனது. எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். கொரட்டி சொன்னாள்: "கோயில் அரிசி தின்ன கை. எப்படி ஓடும்?"

சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் பெயர் சொல்லுவேன். ஏழு பேர். ஐந்து பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி கொழும்பில். கொரட்டி மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறாள்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன் — இனிமேல் கோயில் அரிசி வாங்குகிறவள் இல்லை நான். கொடுக்கிறவள். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு.

நவம்பர் 19, செவ்வாய்

உயிரோடு இருக்கிறேன். ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்து, குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டு சேறு வந்துவிட்டது. கேஷானி என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் தோளில் வலிக்கிறது. நல்ல வலி. அரிசி, அடுப்பு, டின் எல்லாம் சேற்றுக்குள். ஒரு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேறு புகுந்த நாலு குடும்பமும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம்.

பதுளையிலிருந்து ஜவுளிக்கடை பஸீல் முதலாளி ஆளுக்கொரு பாய் அனுப்பியிருக்கிறார். அவர் கடைச் சேலை ஒன்று சாயம் போனதற்கு ஆறு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவள் நான். அதை இன்றைக்கு விட்டுவிட்டேன். பாய் நல்ல பாய்.

நவம்பர் 24, ஞாயிறு

கோயில் அரிசி வந்தது. எனக்கு.

மேடு சரிந்ததும் எங்கள் நாலு வீட்டுக்கென்று கோயிலில் திரும்பவும் அரிசி சேர்த்தார்களாம். கோயில் பொறுப்பைப் பார்க்கிற அற்புதராஜ் சுமந்துகொண்டு வந்தான். வேண்டாம், மற்றவர்களுக்குக் கொடு என்றேன். அவர்களுக்கும் கொடுத்தாச்சு, இது உங்கள் பங்கு என்றான். திருப்பிக் கொண்டு போ என்றேன். அவன் கேஷானியைப் பார்த்தான். அவள் வாங்கி வைத்துவிட்டாள்.

"ஒங்க கோவத்த வடிச்சுப் போட்டா எனக்குப் பசியாறுமா அம்மாயி?"

வாயாடி. யாருடைய வாய் இது? என்னுடையதுதான்.

அவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையும் சிவப்பும் கலந்து கிடக்கிறது. இந்தத் தோட்டத்தில் சிவப்பரிசிச் சோறு ஒரே வீட்டில்தான். கொரட்டியின் மகள் மகியங்கனைப் பக்கம் வயல்காரனைக் கட்டியிருக்கிறாள். வெள்ளாமைக்கு வெள்ளாமை ஒரு மூட்டை ஆத்தாளுக்கு வந்துவிடும்.

அவள் கை பட்ட அரிசியை நான் தின்பதா?

சுளகு ஒன்று இரவல் வாங்கிச் சிவப்பைப் பொறுக்க உட்கார்ந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

பொறுக்குகிறேன். வெள்ளை மட்டும் இரண்டு பேருக்கு வடித்தோம். அடுத்த மழைக்குள் முடிச்சிருவீங்களா என்று கேஷானி கேட்கிறாள். சுளகை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

முடிந்தது. வெள்ளை ஒரு சுண்டு அளவுதான் இருக்கும். சிவப்பு ஒரு குவியல்.

பிடி பிடியாகப் போட்ட அரிசியில் ஒரு வீட்டுடையது மட்டும் இவ்வளவு எப்படி வரும்? அற்புதராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். முழித்தான். 2009 கிறிஸ்மஸுக்கு எனக்கு மட்டும் கேக் கொடுக்க மறந்தபோதும் இதே முழிதான். விடவில்லை நான். சொல்லிவிட்டான்.

மகள் அனுப்பின மூட்டையைக் கொரட்டி கட்டு அவிழ்க்காமலே கோயிலுக்குக் கொடுத்திருக்கிறாள். பாதிக்கு மேல் என் பங்கில் போடச் சொன்னாளாம். என் அரிசின்னு அவகிட்ட சொல்லிராத, தூக்கி எறிஞ்சிருவா என்றாளாம்.

அப்ப அவ என்ன சாப்பிடுறா என்று கேட்டேன். மரவள்ளிக்கிழங்கு என்றான்.

அவன் போன பிறகும் சுளகின் முன்னாலேயே இருந்தேன். அந்த நாலு மாதம் எனக்கு வந்த அரிசி யார் வீட்டு அரிசி? சிரித்த ஏழு வீட்டு அரிசியும் அதில்தானே இருந்தது. கொரட்டி வீட்டுப் பிடியும். என் பிள்ளைகள் அதைத் தின்றுதானே எழுந்தார்கள். அவள் பேசினதை ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறேன். இதை ஒரு நாளாவது நினைத்தேனா?

இத்தனை வருஷம் இரண்டிரண்டு பிடியாக — நான் ஆண்டவருக்கா கொட்டினேன்? கொரட்டிக்கல்லவா கொட்டினேன்?

நவம்பர் 28, வியாழன்

சிவப்பரிசியை ஊறவைத்துப் பொங்கினேன். கலந்தபடியே போட்டிருந்தால் வெள்ளை குழைந்து, சிவப்பு பல்லில் இடித்திருக்கும். கோபத்தில் பொறுக்கினது நன்றாக வெந்தது. கருவாட்டுக் குழம்போடு மேல் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் படி ஏறவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரு என்றாள். சலேத்து என்றேன். சட்டியைப் பக்கத்தில் வைத்தேன். சோற்றை விரலால் உருட்டிப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வெள்ள ஒண்ணுகூட இல்லையே. பொறுக்கினியா?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"மூணு."

"ஒனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் இருமும்வரை சிரித்தோம். பிறகு அவள் சோற்றைப் பாதியாகப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"மடுவத்துல பேசினத அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட சொல்லிட்டேன்டி. ஒங்கிட்டத்தான் சொல்லல."

குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். தின்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அதிகாரிகள் மேட்டைப் பார்த்துவிட்டு, லயத்துக்குத் திரும்பி வரலாம் என்றார்கள். வந்துவிட்டோம். குசினிச் சுவர் பாதி எழும்பியிருக்கிறது. தோத்திரம்.

புது டின் வைத்திருக்கிறேன், கேஷானி கொண்டுவந்த பிஸ்கட் டின். எத்தனை பிடி போட்டேன் என்று தெரியாது. கோயிலில் கூட்டத்தோடு நின்று கொட்டிவிட்டு வந்துவிட்டேன். தட்டவில்லை. சத்தத்தையே காணோமே, சலேத்து இன்னைக்கு வரலையா என்று கொரட்டி அற்புதராஜிடம் கேட்டாளாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். சிவப்பை முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகு வெள்ளையைப் போட வேண்டும். ஒரே உலை போதும்.