நொதியத்தின் வாலுக்காக ஒரு சண்டை

இன்று காலை ஆய்வுகூடத்தில் அந்த நாறல் மருந்துப் போத்தலைத் திறந்தேன். புரதம் கெடாமலிருக்க அதில் ஒரு துளி விடவேண்டும், உனக்குத் தெரியாததா? அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது, கோபிக்காதே. இதே நாற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் தோசை சாப்பிடப் போனோமே! பரிமாற வந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அக்கா, உங்கட பக்கம் காஸ் லீக் ஆகுதோ?" என்று கேட்டார். நீ அசையாமல், "ஓம் தம்பி, சட்னியைக் கெதியாக் கொண்டாங்கோ" என்றாய்.

அந்த மேசையில்தான் சண்டை தொடங்கியது. பற்றீரியாவின் டி.என்.ஏயில் ஓரிடம் விட்டு இன்னோரிடம் தாவும் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி ஒட்டுவது ஒரு நொதியம். அதன் முன்பகுதிதான் துண்டின் நுனியை அடையாளம் கண்டு பற்றிப் பிடிக்கிறது, பின்னாலுள்ள வால் சும்மா தொங்குகிறது என்றேன் நான். "எடியே, வாலும் பிடிக்குது. சும்மா தொங்கிக்கொண்டிருக்க அதுக்கென்ன விசரோ?" என்றாய் நீ. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஆய்வுக் கட்டுரையில், வாலும் பிடிக்கிறது என்று நீ எழுதிய அந்தப் பந்தி ஏறியதும் அப்படிக் கத்திக் கத்தித்தான்.

பிறகு காய்ச்சல் என்று கொட்டாஞ்சேனை வீட்டில் படுத்தாய். டெங்கு. திரும்பி வரவேயில்லை. போயும் போயும் ஒரு நுளம்பு! நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

கட்டுரை சஞ்சிகையிலிருந்து திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. முழு நொதியத்தையும் வாலை வெட்டிய நொதியத்தையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துக் காட்டு, இல்லையென்றால் அந்தப் பந்தியை நீக்கு என்கிறார்கள். உப்புக் கூடினால் நொதியம் டி.என்.ஏயைப் பிடிக்காது; முழு நொதியமோ உப்பைக் குறைத்தவுடன் திரைந்த பால் மாதிரிக் கட்டிபட்டுப் போனது. மாதக்கணக்காக இதே கூத்து. "ஏன் மினைக்கெடுறீங்கள்? பந்தியை வெட்டிவிடுங்கோ" என்றார் பேராசிரியர். "ஏலாது சேர்" என்றேன். அது உன் பந்தி. நீ இல்லாத நேரம் பார்த்து வெட்ட நானென்ன கள்ளியா?

புரதத்தைச் சுத்தமாக்கி, உப்பைக் குறைத்து, கடைசியில்தான் டி.என்.ஏ சேர்ப்பது எல்லோருக்கும் பழக்கம். நானும் செக்குமாடு மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன். நீ எப்போதோ கை கழுவியபடி சொன்னது போன கிழமைதான் மண்டையில் ஏறியது. "டி.என்.ஏயை முதலே குடுடி, பிறகு உப்பைக் குறை. வெறுங்கையோட விட்டா புரதமெல்லாம் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு சாகும்." அப்போதே காதைத் திருகிச் சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைத் திட்டிக்கொண்டே செய்தேன். கரைசல் கலங்கவே இல்லை.

எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க ஜெல்லில் ஓடவிட்டேன். வால் உள்ளதும் இல்லாததும் ஒரே அளவு டி.என்.ஏயைத்தான் பிடித்திருந்தன. திரும்பத் திரும்பச் செய்தேன், அதேதான். உன் வால் எதையும் பிடிக்கவில்லை.

பந்தியை நானே நீக்கினேன். வென்றது நான்தான். ஆனால் லேசில் தோற்கிறவளா நீ? "உன்ர ஜெல் பிழை, உன்ர உப்புப் பிழை" என்று இந்நேரம் கூரை பறக்கக் கத்தியிருக்க வேண்டும். அந்தக் கத்தலுக்குச் சொல்லவேண்டிய பதில்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் நிற்கிறேனடி.