வாசலில் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

கொள்கை ஆய்வுப் படிப்பில் முதல் கள வேலை முடிந்தது. அரசு மருத்துவமனை திறந்திருக்கும் நேரம் மக்களுக்கு வசதியா என்று விசாரிக்க வேண்டும். நான் மருத்துவமனை வாசலிலேயே நின்று கேட்டேன். "வசதிதாம்ப்பா" என்றார்கள் எல்லோரும். அதை வகுப்பில் பெருமையாகப் படித்தேன்.

"வர முடியாதவங்களை எங்க போய்க் கேட்ட?" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

உன் தையல் ஷிஃப்ட் முடிவதற்குள் நம் ஊர் மருத்துவமனையைப் பூட்டிவிடுவார்கள். நீ பெற்ற பிள்ளைக்கே அது தோன்றவில்லையே அம்மா! வெட்கமாக இருக்கிறது.

சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. உன் டப்பாவிலிருந்து நாலைந்து அனுப்பு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மேலே கேட்டதற்கு நீ "தேவலை" என்றுதான் எழுதுவாய். அதனால் மாற்றிக் கேட்கிறேன்: டாக்டரிடம் கடைசியாக எப்போது காட்டினாய்?

உன் மகன்