விட்பி வீட்டு வைஃபை

நவம்பர் 12, செவ்வாய்

என் மனைவி சுகந்தியின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். நேற்று அதை அப்டேட் செய்ததும் நான்தான். இன்று காலை வைஃபை இல்லை. “நல்லா இருந்ததில ஏன் கை வைச்சனீங்கள்?” என்று அவள் கேட்டது நியாயம்தான்.

வேலையால் வந்ததும் இணையத்துக்காகப் போனை வயரால் அதோடு இணைத்து, வைஃபை கார்டுக்கான டிரைவரை இறக்கி மறுபடி நிறுவினேன். மூன்றாம் முறைதான் பிடித்தது.

சோதிப்பதற்காக, அது முன்பு இணைந்திருந்த வைஃபைகளின் பட்டியலைத் திறந்தேன். முதலில் எங்கள் வீடு. அடுத்தது விட்பி நகரில் இருக்கும் அண்ணையின் வீடு. கடைசியாக இணைந்தது போன சனிக்கிழமை.

அண்ணையோடு நான் பேசி ஐந்து வருடமாகிறது. சனிக்கிழமைகளில் வோபர்ன் நூலகத்தில் படிக்கப் போவதாகத்தான் சுகந்தி சொல்வாள்.

அந்த வீட்டு றவுட்டரைப் பொருத்தி, அண்ணை, நான் என்று எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தவன் நான். அண்ணை இன்னும் அதை மாற்றவில்லை.

“சரி வந்திட்டுதோ? சனிக்கிழமை எனக்கு வேணும்” என்றாள் சுகந்தி.

“ஓம். போற இடத்தில தன்ரபாட்டில கனெக்ட் ஆகும்.”

அவள் பட்டியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உங்கட அண்ணைக்கு...” என்று தொடங்கினாள். நான் மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இப்போது அவள் தூங்கிவிட்டாள். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை.

அண்ணைக்கு என்ன?