இடது பக்கத்து நட்டு

ஆரணி,
ஆவணி 4, புதன்கிழமை.

அன்பு மகள் எழிலரசிக்கு,

அப்பா துரைக்கண்ணு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நெதர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை அருள்மணியும் குட்டி அகல்யாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறபோது இந்த மனுஷனுக்கு என்ன கடுதாசி வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பாய். சிரி. போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா வைக்கட்டுமா என்பாய், உன் அம்மா வேறு பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். இது முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒப்புக்கொண்டால் மாடிக்குத் துணி காயப்போட அனுப்பிவிடுவேனாம். பூங்காவனம் அத்தையின் பெண்ணுக்குச் சேத்துப்பட்டில் இடம் அமைந்துவிட்டது, தையில் கல்யாணம், நீ வரவில்லை என்றால் அத்தை என்னைத்தான் பிடித்து உலுக்குவாள். கடை ஓடுகிறது. இப்போது வருகிற மட்கார்டெல்லாம் காகிதம் மாதிரி, ஒரு மழைக்கே ஓட்டை விழுகிறது, இரும்புக் குழாய் மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். மாப்பிள்ளையிடம் மழைக் காற்றில் காதைக் கட்டிக்கொள்ளச் சொல், போன தரம் வீடியோவில் மூக்கு சிவந்திருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் நீ வந்தபோது, அங்கே என் சைக்கிளில் பிளாஸ்டிக் மட்கார்டு இரண்டு தரம் உடைந்துபோச்சு, இரும்பில் ஒரு ஜோடி கொடுப்பா என்று கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரே சைக்கிளில் போகிற தேசத்துக்கு ஆரணியிலிருந்து மட்கார்டு! கறுப்பு ஜோடி ஒன்றைத் துடைத்து, கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, பழைய புடவைக்குள் சுருட்டி உன் பெட்டியில் வைத்தேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும், போல்ட்டின் மரையில் பட்டு நூலை இரண்டு சுற்று சுற்றிய பிறகே நட்டைப் போட வேண்டும், சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். நூல் சுற்றுவது உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரன் வாஷர் போடுவான், நாம் தறியில் மிஞ்சுகிற கழிவு நூலைச் சுற்றுவோம், அது நட்டைக் கவ்விக்கொண்டால் எந்தக் குண்டு குழிக்கும் அசையாது. அப்போதுதான் நீ உன் பழைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்த மயில் கழுத்து நிற நூலை எடுத்தாய். சின்ன வயதில் எதிர் வீட்டு நெசவாளி தனக்கோடி உனக்குக் கொடுத்தது. இதையே சுற்றிக்கொள்கிறேன் என்றாய். பிறகு கடைச் சுவரில் ஆணியில் தொங்கும் பழைய மட்கார்டைக் காட்டி அது யாருடையது என்று கேட்டாய், அதுவும் தனக்கோடியுடையதுதான் என்றேன். ஊர் சொல்கிறது இருக்கட்டும், அவர் எப்படிப்பா செத்தார் என்றாய். குடித்துவிட்டு சைக்கிளிலிருந்து விழுந்தான் என்றேன். ஊர் பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்கிறது. ஆனால் என் வாயால் நான் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம். சொன்ன மறு நிமிஷம் அந்த மட்கார்டு ஆணியில் ஒரு தரம் ஆடி நின்றது. நீ காற்று என்றாய். என் கடைக்குள் காற்று என்றைக்கு வந்தது, நீயே சொல்.

நீ விமானம் ஏறிய அடுத்த வாரம், நல்ல உச்சி வெயில் நேரம், கரண்ட் போயிற்று. தெருவில் மோட்டார் வைத்த தறிகள் எல்லாம் சேர்ந்தாற்போல நின்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த அமைதியில் டக், டக், டக் என்று கேட்டது. ஓடுகிற சக்கரத்தில் கம்பி ஒன்று நுழைந்து போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம். கடையில் ஓடுகிற சக்கரம் ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் தனக்கோடியின் மட்கார்டில் இடது பக்கத்துக் கம்பி தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. கை வைத்தேன், நின்றது. எடுத்தேன், டக். எலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் சாவித்திரி டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்னாண்ணா, நேத்துதானே மாட்டிக் குடுத்தீங்க, அதுக்குள்ள கழண்டுகினு வந்துட்ச்சே என்றார். முன் மட்கார்டு, இடது பக்கம், கம்பியை மட்கார்டோடு பிடிக்கிற சின்ன நட்டைக் காணோம். அந்த போல்ட்டில் மஞ்சள் நூல் சுற்றி இறுக்கியது நான்தான், இப்போது நூலும் இல்லை. வேறு நட்டுப் போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஆணியில் தொங்கும் மட்கார்டின் இடது போல்ட்டில் அந்த மஞ்சள் நூல் இருக்கிறது. இரண்டு சுற்று, நுனியை உள்ளே மடக்கி. என் கைச்சுற்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு பச்சை, அரக்கு, வாடாமல்லி என்று வந்துகொண்டே இருந்தது. நான் யாருக்கு முன் மட்கார்டு மாட்டினாலும் இரண்டு மூன்று நாளில் இடது நட்டு கழன்றுவிடும், நூல் இங்கே வந்துவிடும். மற்ற நட்டுகளை ஸ்பேனர் போட்டாலும் அசைக்க முடியாது. உன் அம்மாதான் விளையாடுகிறாள் என்று சண்டைக்குப் போனேன். எனக்கு வேற வேல இல்லியாயா, உன் ஓட்ட மட்கார்டுல நூல் சுத்திகினு உக்காந்துகினு இருக்கணுமா என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்லவேளையாக யாரும் விழவில்லை. விழப்போகிற நேரத்தில் யாரோ பின்னாலிருந்து நில்லு என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, நிறுத்தி இறங்கிப் பார்த்தோம் என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள்.

ஆடி பிறந்து நான்காம் நாள் மறுபடி கரண்ட் போயிற்று, மறுபடி அந்தச் சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தேன். நிற நிறமாக இருந்த நூலுக்கெல்லாம் மேலே மயில் கழுத்து நிறம். அந்த நிறத்து நூல் இந்தத் தெருவில் இப்போது எவன் தறியிலும் இல்லை. இருந்த ஒரு முழத்தையும் நீ கடல் தாண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உடனே உனக்குப் போன் செய்தேன், அங்கே காலை நேரம், அகல்யாவை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பப் போகிறேன் என்றாய். இடது நட்டைப் பார் என்று கத்தினேன். பார்த்துவிட்டு, ஆமாம்பா நட்டு இல்லை, நூலும் இல்லை, ரோட்டு அதிர்ச்சியில் விழுந்திருக்கும், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது என்று சிரித்தாய். நட்டு வாங்கிப் போட்டாய். அதற்குப் பிறகு இரண்டு தரம் கழன்றது. மட்கார்டையே கழற்றி எறி என்றால், இங்கே தினமும் மழை, சேறு அடிக்கும், சும்மா பயப்படாதீங்கப்பா என்கிறாய். என் பிடிவாதம் உனக்கு வராமல் யாருக்கு வரும். உன்னையும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டார்களா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எத்தனை தரம்தான் கூப்பிடுவான் தனக்கோடி.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் தனக்கோடி புது மட்கார்டு மாட்ட வந்தான். கேரியரில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போகிறவன், சேறு தெறித்தால் அத்தனை நாள் வேலையும் போய்விடும் என்று பயம் அவனுக்கு. நான் போளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லா போல்ட்டுக்கும் நூல் சுற்றினேன், கடைசியாக முன் சக்கரத்து இடது பக்கத்துக்கு மட்டும் நூல் தீர்ந்துவிட்டது. இருண்ணா, வூட்ல இருந்து எடுத்தாரேன், ரெண்டு நிமிசம் என்றான். எதிர் வீடுதான் எழில், பத்து அடி. எனக்கு அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பொறுமை இல்லை. வெறும் நட்டைக் கையால் திருகிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம் போடா என்று அனுப்பிவிட்டேன். சக்கரத்தைச் சுழற்றிக் கேட்கவும் இல்லை. மறுநாள் சேத்துப்பட்டு ரோட்டில் அந்த நட்டு விழுந்து, கம்பி சக்கரத்துக்குள் போய், சக்கரம் பூட்டிக்கொண்டு, தலைகுப்புற விழுந்து அங்கேயே போய்விட்டான். பக்கத்தில் ஒரு பாட்டில் கிடந்ததாம். ரோட்டோரத்தில் எங்கேதான் பாட்டில் கிடக்காது? குடிகாரன் என்று எழுதிவிட்டார்கள், ஊரும் பேசிவிட்டது. சொட்டுக் குடித்தறியாதவன். சைக்கிளை என் கடைக்குத்தான் கொண்டுவந்து போட்டார்கள். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் பார்ப்பதற்குள் அந்த மட்கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிச் சைக்கிளை அவன் பெண்சாதி கமலத்திடம் ஒப்படைத்தேன். கழற்றியதை எடைக்குப் போட மனம் வரவில்லை, ஆணியில் மாட்டினேன். அப்பா போட்ட நட்டு ஆடாது என்று நீ பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் போன் செய்த மறுநாள் கமலத்தின் வீட்டுக்குப் போனேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டாள், ராட்டை சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்த பிறகு, குடிகாரன் பொண்டாட்டி குடிகாரன் பொண்டாட்டின்னு பதினோரு வருசமா காதுல வாங்கிகினு இருக்கேண்ணா, என் ஒருத்திகிட்ட வந்து சொன்னா ஆச்சா, சொன்ன வாயெல்லாம் கேக்கணும் என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆடி மூன்றாம் ஞாயிறு நம் தெருவில் கூழ் ஊற்றும்போது சொல் என்றாள்.

சொன்னேன். கூழ்ப் பானைகள் எல்லாம் வரிசையாக வைத்து, தெருவே கூடி நிற்கும்போது, நட்டு, நூல், பாட்டில், நான் கழற்றி மறைத்தது எல்லாம் சொன்னேன். ஒரு கிழவர் மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கமலம் என் சொம்பில் கூழை ஊற்றினாள், முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டாள். மன்னிப்பு என்று நான் கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை. இப்போது ஆறு பேர் என் கடையை விட்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். அன்று மதியம் கடையைத் திறந்தால் தரை முழுக்க நூல். மஞ்சள், பச்சை, அரக்கு, எல்லாம் அவிழ்ந்து கீழே கிடந்தன. மயில் கழுத்து மட்டும் மட்கார்டிலேயே இருந்தது. நகத்தால் கிள்ளினேன், குறட்டால் இழுத்தேன், வரவில்லை. நேற்று நீ, மறுபடியும் நட்டு தளர்ந்துபோச்சுப்பா என்றாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் சொன்னேன், பொய்யை யாரிடம் வாய்விட்டுச் சொன்னேனோ அவளிடம் சொல்லவில்லை.

அதனால் தனக்கோடியின் மட்கார்டை ஆணியிலிருந்து இறக்கி எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தனக்கோடி குடித்துவிட்டு விழவில்லை எழில். உன் அப்பாவின் அவசரத்தால் விழுந்தான். உன்னிடம் நான் சொன்னது பொய்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். நூல் அவிழ்ந்து மேஜை மேல் கிடக்கிறது. நான் தொடவில்லை. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது சாமி விளக்கை ஏற்றப் போயிருக்கிறாள்.

நூலை இந்தக் கடுதாசியிலேயே மடித்து வைக்கிறேன். நீயே உன் கையால் இடது போல்ட்டில் இரண்டு சுற்று சுற்றி நட்டைப் போடு, சக்கரத்தைச் சுழற்றிக் காதை வைத்துக் கேள். அதுவரை அகல்யாவை முன் சீட்டில் உட்கார வைக்காதே, பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போ, இதை மட்டும் அப்பாவுக்காகச் செய். அடுத்த தரம் வரும்போது கமலத்தைப் போய்ப் பார், என்னைப் பற்றிப் பேசாதே, தனக்கோடியைப் பற்றிப் பேசு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சைக்கிள் கடை சி. துரைக்கண்ணு

கவரைப் பிரித்தவுடன் நூல் உள்ளே இல்லை என்றால் தபால்காரரைத் திட்டாதே, தேடாதே. கீழே உன் சைக்கிள் நிற்கிற இடத்துக்குப் போய் முதலில் அந்த இடது நட்டைப் பார்.