வக்கீல் வீட்டுத் தொட்டியை மூடிய மூன்று நாள்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு சேதி இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது. கடைசியில் அந்த வக்கீல் வீட்டிலிருந்தே என்னைக் கொத்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் யார் வீட்டு ஆள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா?

வேலை என்ன தெரியுமா? சாப்பாட்டு அறையில் நாலு வருஷத்துக்கு முன் நீங்கள் பதித்த கை கழுவும் தொட்டிதான். புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே, சுற்றியுள்ள வெள்ளை ஓடுகளின் இடுக்குச் சிமெண்டைக் கரைத்துவிட்டார்கள். தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவர் ஊறிக் கிடந்தது. பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். நீங்கள் அடைத்ததை ஆணியால் சுரண்ட எனக்குக் கை ஓடவில்லை.

அங்கேதானே அத்தான், மேல் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது உங்கள் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது? கைக்கெட்டும் தூரத்தில் குழாய். வக்கீல் குறுக்கே வந்து நின்றார்.

"இங்கன தொடப்பிடாது. வெளிய மாட்டுத்தொட்டி இருக்கு, போ."

முற்றம் தாண்டி ஓடுவதற்குள் கண் வெந்துவிட்டது. அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு அக்கா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஒற்றைக் கண்ணோடு சாரம் ஏறினவருக்குப் பலகையின் ஓரம் எப்படித் தெரியும்? விழுந்தீர்கள், அப்புறம் எழவேயில்லை. ஊர் அதை விதி என்றது.

தெய்வம் நின்று கொல்லுமாம். நிற்கட்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதாம்பூலம், ராயகிரியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், வியாழனுக்குள் முடி என்றார் வக்கீல். முடித்தேன். முடித்துவிட்டு, மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, பட்டால் ஓடெல்லாம் பெயர்ந்துவிடும் என்றேன். பொய்தான். ஒரு நாள் காய்ந்தால் போதும் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய சட்டப் புத்தகத்தில் அது இல்லையே.

வெள்ளிக்கிழமை, ஈரம் பார்க்க வந்தேன் என்று சொல்லித் தொட்டிப் பக்கத்திலேயே நின்றேன். மாப்பிள்ளையின் தகப்பனார் சாப்பிட்ட கையோடு வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"ஐயா, இங்கன தொடப்பிடாது. வெளிய மாட்டுத்தொட்டி இருக்கு, போங்க."

பின்னால் வந்த வக்கீல் அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். யாரென்று புரிந்துவிட்டது. செம்பு, செம்பு என்று உள்ளே பார்த்துக் கத்தினார். செம்பில் தண்ணீர் எடுக்க ஆட்கள் ஓடினார்கள். அதற்குள் சம்பந்தி பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியை மிதித்துப் போய்க் கழுவிவிட்டார். அந்தப் பெண்மேல் எனக்கு வஞ்சமில்லை. கல்யாணம் நடக்கும்.

இன்னொன்றும் செய்தேன், திட்டாதீர்கள். சிமெண்டுத் தட்டுப்பாட்டில் சர்க்கார் பர்மிட் போட்டு அவர் வாங்கி வைத்திருந்த சிமெண்டில் மணலைக் கூட்டித்தான் குழைத்தேன். தினம் தண்ணீர் பட்டால் ஒரு வருஷம் தாங்காது. நம் கொத்தனார்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி ஒருவரும் அந்தப் படி ஏறமாட்டார்கள்.

அக்காவிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். பாவத்தைத் தேடிக்கொண்டாயே என்று ஏசுவாள் என நினைத்தேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு மூஞ்சி எப்படிலே இருந்துச்சு?"

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

மூன்று தடவை சொல்ல வைத்தாள். போதவில்லை அவளுக்கு. அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். அந்தச் சுவர் ஊறிச் சரிகிற அன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்துவேன். அந்த முகத்தை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

கோபம் ஆறாத
உங்கள் மச்சினன்