அக்குள் தையல்

மார்ச் 3
வாலு, உன் பச்சை ரவிக்கையை டான்ஸ் மாஸ்டர் இன்று என் மெஷின் மேல் போட்டுவிட்டுப் போனார். உன் இடத்தில் ஆட ஒருத்தி வந்திருக்கிறாளாம், அவள் அளவுக்குச் சரி செய்ய வேண்டுமாம். "புதுசா தைக்க நேரமில்லம்மா" என்றார். நீ காய்ச்சலோடு ஆடினபோதும், போய்ப் படு என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. நீ செத்த பிறகும் நான் இந்தத் தையல் அறைக்கு வருவதே, உன் துணியை வேறு எவளும் தொடக் கூடாது என்றுதான்.

மார்ச் 4
புதியவள் அளவு கொடுக்க வந்தாள். நெட்டை. அம்மா என்று கூப்பிட்டாள். நான் இவளுக்கு எந்த ஊர் அம்மா? வாயில் குண்டூசி இருந்ததால் பிழைத்தாள்.

மார்ச் 6
ஒத்திகையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கதவு சரியாக மூடுவதில்லை.
கும்மிதான், ஆனால் நாம் அடிக்கிற கும்மி இல்லை. செடி வாத்தியார், அதான் சட்டைப்பை நிறைய மண்ணோடு வருகிற ஆராய்ச்சிக்காரர், அவரைக்கொடி வளர்வதைப் படம் பிடித்து வேகமாக ஓட்டிக் காட்டுகிறார். பற்றிக்கொள்ளக் குச்சி தேடி, நுனி அந்தரத்தில் வட்டம் போடுகிறது. எல்லோரும் குனிந்து கை தட்டிச் சுற்ற, நடுவில் ஒருத்தி வலது கையை உயரத் தூக்கி அதே மாதிரி தேட வேண்டும். அதைக் கண்டுபிடித்தது நீ. சமையலறையில் என் தலைக்கு மேல் கையைச் சுழற்றி, "நீதான் குச்சி, ஆடாம நில்லும்மா" என்பாய். அடுப்பில் பால் பொங்கி ஊற்றும்.
இப்போது இவள் தூக்குகிறாள்.

மார்ச் 7
வலது அக்குளில் ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்தேன். ரெட்டைத் தையல். தூக்கட்டும், பார்ப்போம்.

மார்ச் 9
கை தோளுக்கு மேல் போகவில்லை. பாதியில் நின்று நடுங்கியது. மாஸ்டர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த மனுஷன் சிரிக்கிறார். குச்சி கிடைக்காத கொடி மாதிரி இருக்கிறதாம். செடி வாத்தியாரும் தலையாட்டுகிறார், எதற்கும் ஆடுகிற தலை. "இனி இப்படியே வச்சுக்கலாம். பழசு வேணாம்" என்றார் மாஸ்டர்.
பழசாம்.
நீ கண்டுபிடித்தது போச்சு. அவங்களா அழிச்சாங்க? நான்தான்டி. என் கையாலயே.

மார்ச் 10
சோறு இறங்கவில்லை.

மார்ச் 11
மாஸ்டரிடம் போனேன். வேண்டுமென்றேதான் இறுக்கினேன், பிரித்துத் தருகிறேன், அவள் கையைத் தூக்கட்டும் என்றேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்போதுதான் நன்றாக வந்திருக்கிறது, விடுங்கம்மா என்கிறார்.
"பிள்ளையையும் விட்டாச்சு. அவ கையையும் விடணுமா சார்?"
ஆடுகிறவளைக் கேளுங்கள், அவள் தூக்கினால் தூக்கட்டும் என்று தள்ளிவிட்டார்.

மார்ச் 12
நெட்டையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவளிடம் முகம் கொடுத்துப் பேசியது இன்றைக்குத்தான். இறுக்கியது தெரியுமா என்றேன். கையை விலக்கிக் காட்டினாள். அக்குள் உரிந்து சிவந்து கிடந்தது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கத்தரிக்கோல் எட்டுகிற தூரத்தில்தானே கிடக்கிறது, இரண்டு நூலை வெட்ட உனக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.
"உங்க பொண்ணு தூக்கின கைய வேற யாரும் தூக்கக் கூடாதுன்னு தச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்மா. அதான் தூக்கல."
களிம்பு எடுத்துத் தடவிவிட்டேன். கூச்சத்தில் நெளிந்தாள், கழுதை.

மார்ச் 13
தையலைப் பிரித்துவிட்டேன். நாளை மேடை. ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், கையைத் தொங்கவிட்டபடியே. நான் சொன்னால்தான் தூக்குவாளாம். சொன்னால் அது அவள் கையாகிவிடும். சொல்லாவிட்டால் அழிந்தே போகும், உன்னுடையதாகவும் இருக்காது. கொஞ்சம் இரு என்று அவளை நிற்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.
வாலு, தூக்கச் சொல்லட்டுமாடி?